மரண அறிவித்தலில் வந்த ஊர்ப்பெயர்

எங்கள் வீட்டில் ஒரு குடும்பம் ஒளிந்திருந்த நாட்களில், நாங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தது சாட்சிகளை ஒளித்துவைப்பது பற்றிய ஒரு தொடர். யோசித்துத் தெரிவு செய்ததல்ல. அந்தக் குடும்பத்து மகள் எங்களிடம் வருவதற்கு முன்பே பாதிவரை பார்த்திருந்தாள். மீதியை விட அவளுக்கு மனமில்லை. அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் என் மடிக்கணினியைக் கதிரையில் வைத்து, பெண்கள் பாயிலும் ஆண்கள் வாசல் பக்கமுமாக உட்காருவோம்.

வெளிநாட்டுத் தொடர், தமிழில் குரல் கொடுத்தது. ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒருவர் காணக்கூடாத ஒன்றைக் கண்டுவிடுவார். அவர் சாட்சி சொல்வதற்கு முன் முடித்துவிட ஆட்கள் தேடுவார்கள். அதற்கென்றே இருக்கும் ஒரு பிரிவினர் அவரையும் குடும்பத்தையும் வேறு ஊருக்குக் கொண்டுபோய், வேறு பெயர் கொடுத்து, திரைச்சீலை போட்ட வீடொன்றில் வைப்பார்கள். அந்த ஊரில் யாரும் அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை.

உம்மாவால் இதைத்தான் நம்ப முடியவில்லை.

"இந்தச் சனத்துக்குப் பக்கத்து வீடே இல்லையா? வந்து ஒரு கிழமையாகுது. ஒருத்தியும் ஒரு கிண்ணம் கறி கொண்டந்து குடுக்கல்ல."

"அது ஒளிச்சு வச்ச வீடு மாமி," என்றாள் அந்தப் பெண்.

"ஒளிச்சு வச்சா என்ன, லைட்டு எரியிதே. நானா இருந்தா கேட்டடியில போய் நிண்டு எந்த ஊருண்டு கேட்டிருப்பன்."

"அதுக்குத்தான் உங்கள அந்தப் படத்துல போடல்ல," என்றார் வாப்பா.

அந்தப் பெண்ணின் தகப்பன் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அவரை நான் மாமா என்றும் அவருடைய மனைவியை மாமி என்றும் கூப்பிட்டேன். உறவு கிடையாது. மாமா புத்தளத்துக்கு அப்பால் உள்ள ஓர் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வாப்பா கற்பிட்டிப் பக்கம் மொத்தமாகக் கருவாடு வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர்; மாமா அவரிடம் வருடக்கணக்காக வாங்கி வந்தவர். இருவரும் பெரும்பாலும் தொலைபேசியில்தான் பேசிக்கொள்வார்கள். அதுவும் கீரி, கட்டா என்று மீன் பெயர்களைத் தாண்டிப் போகாத பேச்சு.

மாமாவின் கடைக்கு முன்னால், பட்டப்பகலில், லொறியில் மூட்டை இறக்கும் இளைஞன் ஒருவனைச் சிலர் அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவன் இறந்துபோனான். மற்றக் கடைக்காரர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் உள்ளே இருந்ததாகச் சொன்னார்கள். மாமா தான் கண்டதைச் சொன்னார், யார் அடித்தது என்பதையும் சேர்த்து. பிறகு ஒருவன் கடைக்கு வந்தான். எதுவும் வாங்கவில்லை. மாமாவின் மகள் எந்த வேனில் பள்ளிக்கூடம் போகிறாள், வேன் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிட்டுப் போனான். அடுத்த வாரம் கடைக்கு வெளியே நின்ற மாமாவின் மோட்டார் சைக்கிள் எரிந்தது.

சட்டத்தரணி பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பம் போட்டார். முடிவு வரும்வரை எங்காவது தள்ளி இருப்பது நல்லது என்றார். உறவினர் வீடுகளைத்தான் முதலில் தேடுவார்கள் என்பது மாமாவுக்குத் தெரியும். கருவாடு வாங்கும் இடத்தில் யார் தேடப் போகிறார்கள்? வாப்பாவிடம் கேட்டார். வாப்பா உம்மாவிடம் கேட்கவில்லை. அறையைக் கூட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

எங்கள் வீடு கண்டக்குழியில். பின்வளவில் இரண்டு அறைகள் கட்டியிருக்கிறோம், கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுவதற்காக. ஒரு காற்றுக்காலம் முடிந்து அடுத்த காற்றுக்காலம் தொடங்கும்வரை அவை சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில்தான் அவர்கள் வந்தார்கள்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவள். கரையோர விடுதிகளுக்குக் கமராவும் இணைய இணைப்பும் பூட்டிக் கொடுப்பது என் தொழில். ஆகையால் போன் விவகாரம் முழுவதும் என்னிடம் வந்தது. ஒரு குடும்பம் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக யோசித்தேன். சிம் அட்டைகளை மாற்றினேன். மகளின் போனில் இருப்பிடம் காட்டும் செயலிகளை நீக்கினேன். வங்கி அட்டையை இயந்திரத்தில் போடவேண்டாம் என்றேன். படம் எடுப்பதானால் தென்னைகளும் கடலும் பின்னால் விழாமல் எடுக்கச் சொன்னேன். பிறகு அதுவும் வேண்டாம் என்றேன். எங்கள் கேட்டிலும் ஒரு கமரா பூட்டினேன்.

பள்ளிக்கூடம் பெரிய சிக்கல். மகள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி பாடக்குறிப்புகளைப் படம்பிடித்து என் எண்ணுக்கு அனுப்பினாள். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. கெட்டிக்காரப் பெண்.

ஊருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. மாமாவுக்கு ஆஸ்துமா, கடற்காற்றுக்காக வந்திருக்கிறார் என்று உம்மா சொன்னார். அதற்கு ஒரு விலை இருந்தது. பக்கத்து வீட்டுச் சாச்சி காலையில் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தனுப்பத் தொடங்கினார். மாமா அதை நின்றபடி குடிப்பார்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. மாமியின் வாப்பா படுக்கையில் இருந்தார். "கூடப் பொறந்த ஒருத்தனுக்காவது நான் இருக்கிற இடம் தெரிய வேணாமா மகள்?" என்று மாமி என்னிடம் கேட்டார். மாமியின் தம்பிக்கு மட்டும் சொல்வது என்று முடிவாயிற்று. அவர் வாய் திறக்கவில்லை. தன் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிய வந்தது.

தொடரில் சாட்சிகளின் தகப்பன்மார் சுடப்பட்டுத்தான் சாவார்கள். மாமியின் வாப்பா ஒரு விடியற்காலை சுபஹ் வேளையில் தூக்கத்திலேயே மௌத்தானார். தம்பி போன் எடுத்துச் சொன்னார். மாமி போனை என் உம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரோடு உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்றார். போகக்கூடாது என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. மாமாதான் சொன்னார், மாமியின் காலடியில் உட்கார்ந்து.

எனக்கு அன்று கடற்கரை விடுதி ஒன்றில் வேலை இருந்தது. ஒத்துக்கொண்ட வேலை, போனேன். ஏணியில் நின்று கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. எங்கோ ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசித்ததை யாரோ பதிவுசெய்து பரப்பியிருந்தார். ஜனாஸா அறிவித்தல். இன்ன தெருவைச் சேர்ந்த இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் கணவரும், இன்னாரினதும் தற்போது கற்பிட்டி கண்டக்குழியில் வசிக்கும் இன்னாரினதும் தந்தையும், பலசரக்கு வியாபாரி இன்னாரின் மாமனாருமாவார்.

இரண்டாம் தரமும் கேட்டேன். பிறகு ஏணியிலிருந்து இறங்கினேன்.

நான் அடைத்த வழிகள் எல்லாம் அடைபட்டபடியேதான் இருந்தன. இந்த வழி என் யோசனையில் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசலுக்கு ஆள் போகும். பாங்கு சொல்லும் மோதினார் கேட்பார்: மையத்தின், அதாவது இறந்தவரின், பெயர், பிள்ளைகள் யார், எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது, இப்போது எந்த ஊர், அடக்கம் எத்தனை மணிக்கு. இந்தக் கேள்விகளை எல்லாரும் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பதிலும் தானாக வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் போனைக் கொடுத்தேன். மாமி தம்பியை அழைத்தார்; அக்காவை அவர் தாத்தா என்றுதான் கூப்பிடுவார். எல்லாருக்கும் கேட்கும்படி போனின் ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன்.

"என்ட பேர ஏண்டா சொன்ன?"

"சொல்லாம எப்பிடித் தாத்தா? உங்கட பேர உட்டா, வாப்பா உங்கள வெட்டி வச்சிட்டாருண்டு ஊரு பேசுமே. கடைசி நாள்ல வாப்பாக்கு அந்தப் பேச்சு வேணுமா?"

"பேரச் சொன்னது சரி. ஊர ஏன் சொன்ன?"

போனில் அவருக்குப் பின்னால் யாரோ குர்ஆன் ஓதுவது கேட்டது.

"பேருக்குப் பொறகு ஊரு தானா வந்துட்டுது தாத்தா," என்று சொல்லி அவர் அழுதார்.

மாமி அதற்கு மேல் ஏசவில்லை. "வாப்பாட முகத்தக் காட்டு," என்றார்.

எங்கள் வளவில் நல்ல சிக்னல் உள்ள ஒரே இடம் தண்ணீர்த் தாங்கியின் அடி. அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு மாமியை உட்காரவைத்து, போனைத் தாங்கியின் காலில் கட்டிவிட்டேன். அந்தப் பக்கத்தில் ஒருவர், மையத்தைப் போனில் காட்டக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி காட்டினார். படம் இரண்டு தரம் உறைந்து நின்றது. உறைந்தபோதெல்லாம் மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தாங்கி நிறைந்து வழிந்து எங்கள் கால்களில் பட்டது. மோட்டாரை நிறுத்தப் போகவா என்று யோசித்தேன், போகவில்லை.

இதற்கிடையில் வாப்பா படகு ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். களப்புக்கு அப்பால் ஒரு தீவில் அவருக்குத் தெரிந்த மீனவர்கள் தங்கும் வாடி இருக்கிறது. மூவரையும் அன்று மாலையே அங்கே கொண்டுபோய் விடுவது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அறிவித்தல் வந்த குழுவில் கண்டக்குழி முழுவதும் இருந்தது. படகுக்கு எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சாச்சி மூடிய சட்டியோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீங்கதானா அந்த மகள்?" என்று மாமியைக் கட்டிக்கொண்டார். பிறகு என் உம்மாவைப் பார்த்து, "மௌத்தான வீட்டுல அடுப்பெரியக் கூடாது. நீங்க ஒண்டும் ஆக்காதீங்க. மாப்புள்ளைக்கு ஆஸ்துமா எப்பிடி?" என்றார்.

சாச்சிக்குப் பின்னால் இன்னும் மூன்று சட்டிகள். அதற்குப் பின்னால் பள்ளிவாசலிலிருந்து கை வண்டியில் கதிரைகள். வாப்பா வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே அவரும் சேர்ந்து கதிரை இறக்கினார். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணை அத்தனை பேருக்கு நடுவால் படகுக்குக் கூட்டிப்போக வழியில்லை. போகிறவர்கள் போகப்போக வருகிறவர்கள் வந்தார்கள். உண்மையில் எங்கள் வீட்டில் யாரும் மௌத்தாகவில்லை. ஆனாலும் அது மையத்து வீடாகிவிட்டது.

அடுத்த நாள் பின்னேரம், அஸருக்குப் பிறகு, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். நான் கமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு தரம் மேலே போனார்கள், திரும்பிக் கீழே வந்தார்கள், கேட்டுக்கு எதிரே நிறுத்தினார்கள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. வாப்பாவைக் கூப்பிட வாய் திறப்பதற்குள், கேட்டடியில் கதிரை போட்டிருந்த சம்மாட்டி எழுந்துவிட்டார். ஊரில் அதிகப் படகுகள் வைத்திருப்பவர், கடலில் பேசும் குரலிலேயே கரையிலும் பேசுகிறவர்.

"வாங்கோ தம்பிமார், உள்ளுக்கு வாங்கோ. மையத்து வீட்டு வாசல்ல நிக்கிறயா?"

"இல்ல, நாங்க ஒரு ஆளத் தேடி..."

"எல்லாரும் ஆளத் தேடித்தானே வாறது. தொப்பியக் கழட்டுங்கோ. முகத்தப் பாக்க வேணாமா?"

கழற்றினார்கள். சம்மாட்டி இருவரையும் தோளில் கைபோட்டுக் கூட்டி வந்து, தனக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்தார். யாரோ கையில் சோற்றுக் கோப்பையைக் கொடுத்தார்கள். மையத்து வீட்டில் கொடுத்ததை மறுப்பதில்லை.

"எந்த ஊர்?"

ஓர் ஊரைச் சொன்னார்கள்.

"அங்கயா? என்ட மச்சான் அங்கதான் கலியாணம் முடிச்சிருக்கான். பள்ளிக்கு முன்னால ஒரு பேக்கரி இருக்கே, அதுக்கு எந்தப் பக்கம்?"

"கொஞ்சம் தள்ளி."

"எந்தப் பக்கத்துல தள்ளி? யார்ர மகன் நீங்க?"

"உடுங்க நானா," என்று சம்மாட்டியை அண்ணன் முறை சொல்லித் தடுத்தார் பின்வரிசையில் ஒருவர். "மகளுக்கு மாப்புள்ள கேக்கிற மாதிரி கேக்கிறீங்க. அவங்க தின்னட்டும்."

மாமா அறையிலிருந்து வெளியே வந்தார். வரவேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன், பார்த்துக்கொண்டே வந்தார். அவர்களுக்கு நேர் எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சலாம் சொன்னார். இருவரில் மெலிந்தவன் பதில் சொன்னான்.

"மாமனார் மௌத்தானது கேள்விப்பட்டம்."

"ஓம். அறிவித்தல் நல்லாக் கேட்டிருக்கு போல."

"கோட்டுத் தவணைக்கு வாறீங்கதானே?" அவன் குரலை உயர்த்தவில்லை. "ஏலாட்டி வரத் தேவயில்ல. மகளும் படிக்கிற புள்ள."

"என்ன தவணை?" என்று கேட்டார் சம்மாட்டி.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். வாப்பா தூரத்திலிருந்து வேண்டாம் என்று தலையை அசைத்தார். தொடராக இருந்தால் இந்த இடத்தில் ஒரு கார் வந்து நிற்கும். எங்கள் முற்றத்தில் பிளேன்டித் தேநீர் மட்டும் வந்தது. மாமா ஒன்றை எடுத்துக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"எங்கட கடைக்கு முன்னால ஒரு பொடியன அடிச்சுக் கொன்னாங்க," என்றார். "லொறியில மூட்டை எறக்குற பொடியன். காலையில என்ட கடையிலதான் பணிஸ் திண்டான். யார் அடிச்சதுண்டு நான் பாத்தன். பொலிசுக்குச் சொன்னன். இப்ப கோட்டுல வந்து, நான் பாக்கல்லண்டு சொல்லச் சொல்லுறாங்க. அதுக்குத்தான் இஞ்ச வந்து இருக்கிறம். இந்தத் தம்பி கடைக்கு வந்து, என்ட மகள் எந்த வேன்ல போறாண்டு கேட்டாரு."

"இவரா?" என்று கேட்டார் சம்மாட்டி.

"ஓம். இவர்தான்."

மெலிந்தவனின் கை கோப்பையிலேயே இருந்தது.

"சாப்பிடுங்கோ தம்பி," என்றார் சம்மாட்டி. "சோறு ஆறுது."

சாப்பிட்டார்கள். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்கள். முற்றம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்தபோது சம்மாட்டி கேட்வரை கூடவே போனார். "இனி இந்தப் பக்கம் வந்தா வழி கேட்டுத் திரிய வேணாம். நேர எங்கட வீட்டுக்கு வாங்கோ," என்று சொல்லி அனுப்பினார். வண்டி இலக்கமும் இரண்டு முகங்களும் கமராவில் தெளிவாகப் பதிந்திருந்தன. பதிவைச் சட்டத்தரணிக்கு அனுப்பினேன். அவர் பொலிஸ் முறைப்பாட்டோடு சேர்த்தார்.

அவர்கள் போன பிறகு முதலில் வாய் திறந்தது பக்கத்து வீட்டுச் சாச்சியின் கணவர்.

"அப்ப ஆஸ்துமா?"

"அது இல்ல," என்றார் மாமா.

"இல்லையா? என்ட பொண்டாட்டி ஒவ்வொரு நாளும் ஓமத் தண்ணி காய்ச்சினாளே."

"குடிச்சன். வயித்துக்கு நல்லா இருந்திச்சு."

அன்று மாலை வாப்பா மறுபடி தீவைப் பற்றிப் பேசினார். மாமா மறுத்துவிட்டார். "அங்க போனா நானும் மீனும்தான். என்னமும் நடந்தா மீனா சாட்சி சொல்லும்?" என்றார். வாப்பா சரி என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் என்னிடம் கேட்கவும் இல்லை. இன்றுவரை அது சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தரமும் யாராவது வந்திருந்தால், முற்றம் வெறுமையாக இருக்கும் நேரம் பார்த்து வந்திருப்பார்கள். யாரும் வரவில்லை. தவணை வரை எங்கள் தெருவில் படகுக்குப் போகாத ஆண்கள் யாராவது மாறி மாறி வந்து கேட்டடியில் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பொலிசாரும் இடைக்கிடை வந்து போனார்கள்.

தவணை நாளில், கூட்டமாக வரக்கூடாது, அது நல்லதாகப்படாது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். வாப்பா மட்டும் கூடப் போனார். நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் சம்மாட்டியும் வேறு சிலரும் உட்கார்ந்திருந்ததை வாப்பா கண்டார். நைலோன் நூல் வாங்க வந்தோம் என்றார்களாம். நைலோன் நூல் கற்பிட்டியிலேயே கிடைக்கும்.

மதியம் தாண்டி, லுஹருக்குப் பிறகு, மாமா திரும்பி வந்தார். வெள்ளைச் சேட்டின் முதுகு முழுவதும் நனைந்திருந்தது. வாசல் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள்தான் கேட்டாள்.

"சொன்னீங்களா வாப்பா?"

"சொன்னன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அவங்கட லோயர் மாத்தி மாத்திக் கேட்டாரு. அண்டைக்கு முத்தத்துல சொன்னனே, அது மாதிரியே சொன்னன்."

"அவங்க இருந்தாங்களா?" என்று கேட்டார் மாமி.

"முன்னால இருந்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க."

வழக்கு இன்னும் முடியவில்லை என்றார் வாப்பா. வேறு சாட்சிகள் இருக்கிறார்கள், வேறு தவணைகள் இருக்கின்றன. ஆனால் மாமாவின் பங்கு முடிந்துவிட்டது. அவர் சொன்னது பதிவாகிவிட்டது.

மாமாவுடைய ஊரில் அவர்களுடைய வீடு இருந்தது, பதினெட்டு வருடக் கடை இருந்தது, கடைக்கு எதிரே, அந்த இளைஞனை அடித்தவர்களின் வீடுகளும் இருந்தன.

"அப்ப கடைய வித்துருங்க," என்றார் மாமி.

"ஓம்," என்றார் மாமா. "நானும் வரக்குள்ள அதத்தான் நெனச்சன்."

மாமி உள்ளே போய்ச் சோறு போட்டார்.